வெந்த மண் ஏன் கரைவதில்லை?

கலைத் திருவிழா முடிந்த ஒரு மாதத்திற்குப் பிறகு எந்தப் பள்ளியின் பீரோ மேல் பார்த்தாலும் தும்பிக்கை உடைந்த களிமண் யானை ஒன்று நின்றுகொண்டிருக்கும். மழைக்காலம் வந்தால் அதுவும் நீர்த்துப் போய் வெறும் மண்ணாகிவிடும். மாணவர்கள் அழகாகத்தான் செய்கிறார்கள். ஆனால் காய்ந்த மண்ணுக்கும் வெந்த மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. 'மண்ணில் செய்தால் நிலைக்காது' என்ற எண்ணத்தோடு அவர்கள் அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள்.

அதே மாணவர்களுக்குத்தான் சமூக அறிவியல் வகுப்பில் கீழடியையும் ஆதிச்சநல்லூரையும் பாடமாக நடத்துகிறோம். ஏறத்தாழ 2,600 ஆண்டுகள் ஈர மண்ணுக்குள் கிடந்த பானை ஓட்டில் 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்கள் இன்றும் படிக்கும்படி இருக்கின்றன. அது எப்படி என்று ஒரு மாணவர் கேட்டால் நம்மிடம் விடை இருக்க வேண்டும். அந்த விடை அறிவியல் பாடத்திலும் இருக்கிறது. நம் ஊர்ச் சூளையிலும் இருக்கிறது.

மண்ணுக்குள் இரண்டு நீர்

களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரு மில்லிமீட்டரை 500 பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதைவிடச் சிறியவை. மணலைப் போல உருண்டையாக இல்லாமல் தட்டையான தகடுகளாக இருக்கின்றன. தகடுகளுக்கு இடையே நீர் புகுந்ததும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். ஆனால் பிரிந்து போகாது. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்து நகர்த்திக் காட்டினால் ஐந்தாம் வகுப்பு மாணவருக்கும் இது புரிந்துவிடும். களிமண் நாம் வளைத்தபடி வளைவதற்குக் காரணம் இந்த வழுக்கல்தான்.

துகள்களுக்கு இடையே இருக்கும் இந்த நீர் முதல் வகை. வெயிலிலும் காற்றிலும் இது போய்விடும். போகும்போது தகடுகள் நெருங்கி வருவதால் பொருள் சுருங்கும். மண்ணைப் பொறுத்து நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை சுருக்கம் இருக்கும். விளிம்பு முதலில் காய்ந்து, அடிப்பாகம் ஈரமாகவே இருந்தால் விளிம்பு மட்டும் சுருங்க முயன்று கீறல் விடும். பானைகளை நிழலில், காற்று நேரே அடிக்காத இடத்தில் காய வைப்பது இதனால்தான். நம் பள்ளிகளில் அவசரத்துக்கு மைதானத்து வெயிலில் வைக்கிறோம். மாலைக்குள் விரிசல் விழுந்துவிடுகிறது.

இரண்டாவது வகை நீர் கண்ணுக்குத் தெரியாது. அது களிமண்ணின் படிக அமைப்புக்குள்ளேயே வேதிப் பிணைப்பாக இருக்கிறது. எத்தனை நாள் வெயிலில் காய்ந்தாலும் அது போகாது. அடுப்பில் வைத்து 100 டிகிரி தாண்டினாலும் போகாது. ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போதுதான் அந்தப் பிணைப்பு அறுந்து நீராவியாக வெளியேறுகிறது. அதன்பின் அந்த மண் பழைய களிமண் அல்ல. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மறுபடி பிசைய முடியாது. மாவு தோசையானது போல, திரும்பி வராத மாற்றம்.

இதை வகுப்பில் காட்ட ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஒரே மண்ணில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு வில்லைகள் தட்டி, ஒன்றைக் காய வைத்தும் மற்றொன்றைச் சூளையில் சுட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தண்ணீரில் போட்டால் காய்ந்த வில்லை குமிழி விட்டு, சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து குவியலாகிவிடும். சுட்ட வில்லை அப்படியே கிடக்கும். இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதுவதைவிட மாணவர்கள் மனத்தில் இது நிற்கிறது. மெழுகும் காகிதமும் எரித்தே பழகிய பாடத்துக்கு ஒரு மாற்றமாகவும் இருக்கும்.

இன்னும் சூடு ஏறி 800, 900 டிகிரியை நெருங்கும்போது துகள்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். மண்ணில் உள்ள இரும்பு, சுண்ணாம்பு போன்றவை இளக்கியாகச் செயல்பட்டுச் சிறிதளவு கண்ணாடி உருவாகி, துகள்களைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மண்பாண்டங்கள் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரிக்குள் வெந்தவை. கற்பாண்டம் எனப்படும் கெட்டிப் பாண்டங்களுக்கு 1,200 முதல் 1,300 டிகிரி வேண்டும். பீங்கானுக்கும் அதே அளவோ அதற்கு மேலோ தேவை. அந்த வெப்பத்தில் நம் ஏரி மண்ணைச் சுட்டால் பானை உருகி வளைந்துவிடும். எல்லா மண்ணுக்கும் ஒரே சூடு பொருந்தாது.

உறுதி என்பது ஒன்று அல்ல

'நல்ல உறுதியான பானை எது?' என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால், 'தடிமனாக இருப்பது' என்ற விடைதான் முதலில் வரும். தடிமனாகச் செய்த பானை சூளையிலேயே வெடிக்க வாய்ப்பு அதிகம். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழி இருக்காது. எந்த வேலைக்கு எந்தப் பாண்டம் என்பதைப் பொறுத்தே உறுதி அமையும்.

குழம்புச் சட்டியை எடுத்துக்கொள்வோம். அடுப்பில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினாலும் அது தாங்குகிறது. அதைவிடப் பல மடங்கு கெட்டியான பீங்கான் தட்டை அடுப்பில் வைத்தால் டப்பென்று பிளந்துவிடும். சட்டி மண்ணில் மணல் கலந்திருக்கிறது. வெந்த பிறகும் நுண்துளைகள் நிறைய இருக்கின்றன. சூட்டில் எழும் சிறு கீறல் ஒரு மணலிலோ துளையிலோ முட்டி அங்கேயே நின்றுவிடும். துளையே இல்லாத பொருளில் கீறல் தொடங்கினால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடிவிடும். சட்டியின் அடி உருண்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மூலை இருக்கும் இடத்தில் சூடு சீராகப் பரவாது. இறுக்கம் அங்கே சேர்ந்து விரிசல் விழும். புதுச் சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிப் பழக்குகிறார்களே, அந்தக் கஞ்சியின் மாவுச்சத்து நுண்துளைகளில் புகுந்து கசிவைக் குறைக்கிறது. வீட்டில் பாட்டிகள் சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளுமுன் ஒரு முறை யோசிக்க வேண்டிய இடம் இது.

தண்ணீர்ப் பானைக்கு எதிர்மாறான தேவை. அது கசிய வேண்டும். வெளிப்பரப்பில் கசிந்த நீர் ஆவியாகும்போது பானையிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைய 4,200 ஜூல் வெளியேற வேண்டும். ஆக, இரண்டு கிராமுக்கும் குறைவான நீர் ஆவியானாலே ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்துவிடும். பத்தாம் வகுப்பு மாணவர்களே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார்கள். சென்னையில் கடற்கரையோரம் இருக்கும் உறவினர் வீட்டில் பானைத் தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருப்பதில்லை. தீர்த்தமலை, அரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் சில்லென்று இருக்கிறது. காற்றின் ஈரப்பதத்தைப் பற்றிப் பேச இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

கடத்தின் கதை வேறு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரைக் கடம் சாதாரணப் பானையைவிடத் தடிமனானது, கனமானது. விரல் பட்டால் நாதம் வர வேண்டும் என்பதால், கட்டையால் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக இறுக்குகிறார்கள். இந்தத் தட்டும் வேலையை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். மண்பாண்டம் என்றதும் சுற்றும் சக்கரம்தான் பாடநூல் படத்தில் வருகிறது. உண்மையில் நம் நாட்டுப் பானையின் வாயும் தோளும் மட்டுமே சக்கரத்தில் உருவாகின்றன. உருண்டை அடிப்பாகம், உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி வருவது. துகள்கள் நெருங்கி, காற்றுக் குமிழிகள் அடங்கி, சுவர் மெலிந்தாலும் வலுவாகிறது. இந்த வேலையைப் பல குடும்பங்களில் பெண்களே செய்கிறார்கள்.

மண்ணில் ஒளிந்திருக்கும் ஒரு எதிரியையும் சொல்ல வேண்டும். மண்ணைச் சலிக்காமல் பயன்படுத்தினால் மிளகளவு சுக்கான் கல் அதில் தங்கிவிடும். சூளையில் அந்தச் சுண்ணாம்புக் கல் சுட்ட சுண்ணாம்பாகிறது. பானை நன்றாக வெந்து வெளியே வரும். எந்தக் குறையும் தெரியாது. சில நாள் கழித்துக் காற்றின் ஈரத்தை இழுத்து அது நீற்றுச் சுண்ணாம்பாகும்போது பருத்துப் பானையின் சில்லைப் பெயர்த்துத் தள்ளும். பெயர்ந்த குழிக்கு நடுவே வெள்ளைப் புள்ளி இருந்தால் காரணம் இதுதான்.

சூளையில் நடப்பது

கிராமத்துச் சூளை எளிமையானது. பானைகளை அடுக்கி, விறகும் வறட்டியும் இட்டு, மேலே வைக்கோல் பரப்பிச் சேறு பூசுகிறார்கள். முதலில் சிறு தீயில் புகைய விடுவதுதான் முக்கியம். மிச்சமிருக்கும் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே ஆவியாகி வெடிக்கும். ஏறத்தாழ 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் படிகம் திடீரென்று சற்றே விரிகிறது. ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. ஆகவே ஏற்றும்போதும் அவசரம் கூடாது, ஆறும்போதும் கூடாது. வெப்பமானி ஏதும் இல்லாமல் தீயின் நிறத்தையும் புகையின் நிறத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். வெந்ததா என்று அறிய விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்தது; மொத்தென்று கேட்டால் வேகவில்லை அல்லது கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது.

காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பானை சிவக்கும். காற்றை அடைத்துப் புகையில் வேக விட்டால் கருக்கும். கருப்பு-சிவப்புப் பானைகளில் உட்புறமும் வாயும் கருப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் இருப்பதற்கு, பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வாய்ப்பக்கம் காற்று படாமல் போனதே காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்தோடு இருந்து, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று அறியப்பட்டது. அங்கும் இந்தக் கருப்பு-சிவப்பு ஓடுகள் கிடைத்துள்ளன. மதுரைப் பக்கம் போகத் தேவையில்லாமலே நம் மாணவர்களுக்குச் சொல்ல நம்மிடம் சான்று இருக்கிறது.

புதுச்சேரியும் கூடுகைகளும்

மண்பாண்டத்தின் இன்னொரு முகம் தமிழ்நாட்டை ஒட்டியே இருக்கிறது. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் பட்டறையைத் தொடங்கினார்கள். உள்ளூர்த் தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளித்து, அதிக வெப்பத்தில் வேகும், மெருகு பூசிய கற்பாண்டங்களைச் செய்தார்கள். பின்னர் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து அங்கே கற்றார்கள். இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் இத்தனை பட்டறைகள் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மீக்கர் 1980களில் மண் வீட்டைக் கட்டி முடித்து, அதையே சூளையாக்கி உள்ளிருந்து சுடும் சோதனைகளையும் செய்தார். ஒரு வீட்டையே பானையைப் போல வேக வைப்பது! மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், கேள்விகள் நிற்காது.

அதே புதுச்சேரியின் வில்லியனூரில் சுடுமண் சிற்பம் பரம்பரைக் கலை. புவிசார் குறியீடும் பெற்றது. ஒரு பக்கம் எரிவாயுச் சூளை, கண்காட்சிக்கூடம். மறுபக்கம் வைக்கோல் சூளை, சந்தை. இரண்டும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்றைக் 'கலை' என்றும் மற்றதைக் 'குலத்தொழில்' என்றும் பிரித்துச் சொல்லும் பழக்கம் நமக்கு இருக்கிறது. விலையும் மரியாதையும் அந்தப் பெயரைப் பொறுத்தே மாறுகின்றன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மண் கலைஞர்கள் ஒன்றுகூடும் நிகழ்வுகள் இப்போது பெருகியிருக்கின்றன. மூன்றாண்டுக்கு ஒருமுறை என்னும் திட்டத்தோடு இந்திய செராமிக் ட்ரையென்னாலே 2018இல் ஜெய்ப்பூரின் ஜவஹர் கலா கேந்திராவில் தொடங்கியது. பெருந்தொற்றுக்குப் பிறகு இரண்டாவது 2024இல் புதுதில்லியில் நடந்தது. கண்காட்சியோடு உரைகள், செய்முறைகள், குழந்தைகளுக்கான பட்டறைகள் ஆகியவையும் இத்தகைய கூடுகைகளில் இடம்பெறுகின்றன. அமெரிக்காவில் மண்பாண்டக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்றே 1966 முதல் ஒரு தேசிய அமைப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. மண்ணைக் கற்பிப்பது ஆசிரியர்கள் கூடிப் பேசத்தக்க பொருள் என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நாம் ஜெய்ப்பூர் வரை போக முடியாது. கல்விச் சுற்றுலாவுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா போதும். அங்கே குயவர் வீடும் சக்கரத்தில் நேரடிச் செய்முறையும் உண்டு. கைவினைக் கண்காட்சிகள் பல ஊர்களில் நடக்கின்றன. அங்கே போனால் பொருளின் விலையைக் கேட்பதோடு நிற்காமல், என்ன மண், எங்கே எடுத்தது, என்ன கலந்தீர்கள், எத்தனை மணி நேரம் தீ போட்டீர்கள், நூற்றில் எத்தனை உடையும் என்று கேட்க மாணவர்களைப் பழக்க வேண்டும். செய்பவர்கள் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறார்கள். யாரும் அவர்களிடம் கேட்பதில்லை என்பதே காரணம்.

பள்ளிக்குள் மண்

இங்கே ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. வகுப்பில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இருந்தால், 'உனக்குத்தான் தெரியுமே, நீ செய்து காட்டு' என்று சொல்லிவிடுகிறோம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். அந்தப் பிள்ளை தலை குனிவதைக் கவனித்திருக்கிறேன். சாதிப் பெயரை நேரே சொல்லாவிட்டாலும் வகுப்பு முழுவதற்கும் அது கேட்டுவிடுகிறது. 1953இல் அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோர் தொழில் என்று வந்த திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, மறு ஆண்டே காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்ட மாநிலம் இது. இன்றைய கலைஞர் கைவினைத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் மண்பாண்டமும் ஒன்று. அதற்கு வயது 35 நிறைந்திருக்க வேண்டும் என்று வைத்திருப்பதும், படிக்கும் வயதுப் பிள்ளைகள் தொழிலுக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே. ஆகவே மண்ணை எல்லாப் பிள்ளைகளும் பிசைய வேண்டும். செய்து காட்ட வேண்டியவர் வகுப்பிலுள்ள பிள்ளை அல்லர். ஊரில் உள்ள தொழில் வல்லுநர். அவரை ஆசிரியருக்கு உரிய மரியாதையோடு அழைத்து, நாற்காலி போட்டு, 'ஐயா', 'அம்மா' என்று விளித்து, ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். நாம் இலவசமாகக் கேட்கும் அந்த ஒரு நாள் அவருக்கு ஒரு நாள் வருமானம்.

பொருள் நிலைக்க வேண்டுமானால் சில நடைமுறைகள். மண்ணை ஊற வைத்து, கரைத்துச் சலித்து, பிசையும்போது ஐந்தில் ஒரு பங்கு மெல்லிய மணல் சேர்க்கலாம். மண் மிகவும் பிசுபிசுப்பாக இருந்தால் இன்னும் சற்றுக் கூட்டலாம். சுவர் ஒரு விரல் தடிமனைத் தாண்டக் கூடாது. யானை, குதிரை போன்ற உருவங்களின் வயிற்றை உள்ளீடற்றதாகச் செய்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளை விட வேண்டும். அய்யனார் கோயில்களில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மண் குதிரைகளும் உள்ளீடற்றவைதான். தும்பிக்கை, காது போன்றவற்றை வெறுமனே அழுத்தி ஒட்டினால் விழுந்துவிடும். இரு பக்கமும் குச்சியால் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி அழுத்த வேண்டும். ஒரு வாரமாவது நிழலில் காயட்டும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது.

பள்ளி வளாகத்தில் சூளை போட வேண்டாம். தீ, புகை, பொறுப்பு மூன்றுமே நமக்கு அதிகம். ஊர்ச் சூளையில் பானைகளுக்கு இடையே மாணவர்களின் பொருள்களையும் அடுக்கித் தரச் சொல்லலாம். கடைகளில் கிடைக்கும் பளபளப்பு மெருகுகளை, உண்ணவும் குடிக்கவும் பயன்படும் பாண்டங்களில் பூச விடாதீர்கள். குறைந்த சூட்டில் உருகும் மெருகுகளில் ஈயம் இருக்கலாம். செம்மண் காவிக் குழம்பைப் பூசி, சற்றே காய்ந்ததும் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் நல்ல பளபளப்பு வரும்.

கணிதத்துக்கும் இதில் வேலை உண்டு. ஈர மண் பட்டையில் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, காய்ந்தபின்னும் வெந்தபின்னும் அளந்து எழுதச் சொல்லுங்கள். 9.2 செ.மீ. என்றால் சுருக்கம் 8 விழுக்காடு. வெந்த துண்டை எடை போட்டு, ஒரு நாள் நீரில் ஊற வைத்து, துடைத்து மறுபடி எடை போட வேண்டும். 200 கிராம் 230 ஆனால் நீர் உறிஞ்சல் 15 விழுக்காடு. தனி மண், மணல் கலந்த மண், உமி கலந்த மண் என்று குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு குழுவின் எண்ணும் வேறாக வரும். உமி கலந்தது ஏன் அதிகம் உறிஞ்சுகிறது, சூளையில் அந்த உமி என்ன ஆனது என்று கேட்டுவிட்டு நாம் பேசாமல் இருக்கலாம்.

மேல்நிலை மாணவர்களுக்கும் பத்தாம் வகுப்பு முடிப்பவர்களுக்கும் ஒரு தகவல்: விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது. நெய்வேலிப் பக்கம் கிடைக்கும் வெண்களிமண்ணைச் சார்ந்து வளர்ந்த தொழில் அது. மின்கம்பத்துப் பீங்கான் முதல் அகல் விளக்கு வரை அந்த ஊரில் செய்கிறார்கள். உயர்கல்வி வழிகாட்டல் நாளில் இந்தப் பெயர் நம் பட்டியலில் வருவதே இல்லை.

மண் எடுப்பதற்கும் வழி இருக்கிறது. ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியர் வழியாக இலவச அனுமதி தரப்படுகிறது. பள்ளிக்குத் தேவைப்படும் இரண்டு கூடை மண்ணை, அந்த அனுமதி பெற்ற தொழிலாளரிடமே கேட்டு வாங்கிக்கொள்வது எளிது. எந்த ஏரியின் மண் பானைக்கு ஆகும், எது செங்கல்லுக்கு மட்டும் ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும். கேட்கும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகைக்கு முன் அகல் விளக்குக்கும், தைக்கு முன் பொங்கல் பானைக்குமே சூளையில் இடம் போதாது. மாசி பிறந்த பிறகு கேட்டால் நம் மாணவர்களின் யானைகளுக்கும் ஒரு வரிசை கிடைக்கும்.